கிட்டார் ஆம்பில் டியூப் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூப் (கண்ணாடி வால்வு) ஆம்ப் வாங்கியவர்களுக்கு என்றாவது ஒரு நாள் டியூபை மாற்றிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. சால்டரிங் வேண்டாம், கழற்றிவிட்டு வேறொன்றைச் சொருகினால் போதும் என்பதால் வரும் ஆசை அது. பாதி உண்மைதான். எங்கே எதை மாற்றினால் காதுக்கு என்ன தெரியும், எங்கே கை வைத்தால் ஆம்ப் புகையும் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஃபெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் ரிவெர்பை எடுத்துக்கொள்கிறேன். 1963-ல் வந்த 22 வாட் ஆம்ப். '65 என்ற பெயரில் இன்றும் தயாராகிறது. அதன் சர்க்யூட் ஊரறிந்தது.

டியூபை மாற்றினால் டோன் உண்மையிலேயே மாறுமா?

மாறும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு ரக டியூபை எடுத்துவிட்டு வேறு ரகத்தைப் போட்டால், உதாரணமாக 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் 12ஏஒய்7 போட்டால், யார் காதுக்கும் தெரியும். அதே ரகத்தில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போனால் வித்தியாசம் மெல்லியது; பல நேரங்களில் டிரெபிள் நாபை அரை எண் திருப்பினால் வருகிற அளவுதான். ஸ்பீக்கரை மாற்றுவது இந்த இரண்டையும்விடப் பெரிய மாற்றம். ஆம்பின் சத்தம் அடிப்படையிலேயே பிடிக்கவில்லை என்றால் முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். டியூபை வைத்து ஃபெண்டரை மார்ஷல் கம்பெனியின் ஆம்பாக ஆக்க முடியாது.

பின்னால் வரிசையாக இருக்கிற டியூப்களில் எது என்ன வேலை செய்கிறது?

டீலக்ஸ் ரிவெர்பைப் பின்பக்கம் இருந்து பாருங்கள். வலது ஓரத்தில் தொடங்கி ஆறு சின்ன டியூப்கள். முதலாவது, அதாவது வி1, நார்மல் சேனலுக்கு. வி2 வைப்ரேட்டோ சேனலுக்கு. வி3 ரிவெர்பை, அதாவது எதிரொலியை, உண்டாக்கும் ஸ்பிரிங் டேங்கை ஓட்டுகிறது. வி4-ன் ஒரு பாதி டேங்கிலிருந்து திரும்பி வரும் ரிவெர்ப் சிக்னலைத் தூக்கிவிடும், மறு பாதி எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு சுற்று பெருக்கும். வி5 டிரெமலோ, அதாவது சத்தம் ஏறி இறங்கித் துடிப்பது. வி6 ஃபேஸ் இன்வெர்ட்டர். சிக்னலை நேரும் தலைகீழுமாக இரண்டாகப் பிரித்துப் பவர் டியூப்களுக்குக் கொடுப்பது இதன் வேலை. வி3-ம் வி6-ம் 12ஏடி7, மற்ற நான்கும் 12ஏஎக்ஸ்7. அதற்கு அடுத்து இரண்டு 6வி6 பவர் டியூப்கள், கடைசியில் ஜிஸெட்34 ரெக்டிஃபையர்.

ஒவ்வொரு சின்ன டியூபுக்குள்ளும் இரண்டு தனித்தனி டிரையோடுகள் இருக்கின்றன. டிரையோடு என்பது ஒரு பெருக்கும் அலகு: கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு எலெக்ட்ரான்கள் போகும், நடுவே உள்ள கிரிட் அதைக் கட்டுப்படுத்தும். இது பின்னால் தேவைப்படும்.

எதை மாற்றினால் அதிகம் தெரியும்?

கிட்டார் சிக்னல் முதலில் நுழைகிற டியூப். அது எழுப்பும் இரைச்சலையும் அது தரும் தன்மையையும் பின்னால் உள்ள எல்லா டியூப்களும் பெருக்குகின்றன. ஆகவே நல்ல, சத்தமில்லாத டியூப் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் அதை அங்கே போடுங்கள்.

ஆனால் அந்த இடம் எல்லா ஆம்பிலும் வி1-ஆகவே இருக்கும் என்றில்லை. டீலக்ஸ் ரிவெர்பில் ரிவெர்ப் வேண்டும் என்பதால் எல்லோரும் வைப்ரேட்டோ சேனலில்தான் வாசிப்பார்கள். அந்த சேனலின் முதல் டியூப் வி2. வி1-ல் விலை உயர்ந்த பழைய டியூபைப் போட்டுவிட்டு, வைப்ரேட்டோ சேனலில் வாசித்து, "அடடா, என்ன ஒரு மாற்றம்!" என்று சொல்கிறவர்கள் உண்டு. சிக்னல் அந்த டியூப் வழியாகப் போகவே இல்லை.

அப்படியானால் நார்மல் சேனல் டியூபைக் கழற்றிவிடலாமா?

டீலக்ஸ் ரிவெர்பில் தாராளமாக. அதில் இன்னொரு சின்ன லாபமும் இருக்கிறது. வி1-ன் இரண்டாம் பாதியும் வி2-ன் இரண்டாம் பாதியும் ஒரே 820 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றைக் கழற்றினால் அந்த ரெசிஸ்டர் முழுவதும் மற்றொன்றுக்கே கிடைத்து, அது வேலை செய்யும் புள்ளி நகர்கிறது. வைப்ரேட்டோ சேனலில் கெயின், அதாவது பெருக்கும் அளவு, ஒரு சிட்டிகை கூடும். காசு செலவில்லாத மாற்றம், பிடிக்காவிட்டால் டியூபைத் திரும்பச் சொருகிவிடலாம்.

12ஏஎக்ஸ்7-க்குப் பதிலாக எதையெல்லாம் போடலாம்?

ஒரே காலமைப்பும் அதே ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) வோல்டேஜும் உள்ள ஒரு குடும்பமே இருக்கிறது. பெருக்கல் காரணி என்கிற எண்ணில்தான் முக்கியமாக வேறுபடுகின்றன: 12ஏஎக்ஸ்7-க்கு 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44, 12ஏயூ7-க்கு 17 முதல் 20 வரை. ஐரோப்பியப் பெயரில் 12ஏஎக்ஸ்7-ஐ இசிசி83 என்பார்கள், 12ஏடி7-ஐ இசிசி81, 12ஏயூ7-ஐ இசிசி82. கடையில் எந்தப் பெயரில் கிடைத்தாலும் ஒன்றுதான்.

இந்த எண்கள் அப்படியே கெயினாக வருவதில்லை. ஃபெண்டர் பாணி சர்க்யூட்டில், 1 லட்சம் ஓம் பிளேட் ரெசிஸ்டருடன், 12ஏஎக்ஸ்7 ஏறக்குறைய 60 மடங்கு பெருக்கும். 5751 சுமார் 44, 12ஏஒய்7 சுமார் 35, 12ஏயூ7 சுமார் 15. 5751-ஐப் போட்டால் ஒரு கட்டத்துக்கு 3 டெசிபெல் குறைகிறது. ஒரு டியூபுக்குள் இரண்டு டிரையோடுகள் என்று சொன்னேன் அல்லவா? வி2-ன் இரண்டு பாதிகளும் சிக்னல் பாதையில் அடுத்தடுத்து இருப்பதால் மொத்தம் 6 டெசிபெல் போய்விடும். 12ஏஒய்7 என்றால் 10 டெசிபெல்லுக்குப் பக்கம். 12ஏயூ7 போட்டால் வால்யூம் நாப் முழுக்கத் திருப்பினாலும் ஆம்ப் தூங்கி வழியும்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். க்ளீனாக (டிஸ்டார்ஷன் இல்லாமல்) வாசிக்கும் ஃபெண்டரில் கெயின் குறைந்தால் நீங்கள் நாபைக் கொஞ்சம் கூட்டி ஈடுகட்டிவிடுவீர்கள், டோன் பெரிதாக மாறாது. நாபைத் தொட்டாலே சத்தம் எகிறுகிற ஆம்பில் கட்டுப்பாடு கைக்கு வரும், அதுதான் லாபம். கெயின் கட்டங்கள் அடுக்கடுக்காக உள்ள ஆம்ப்களில், மார்ஷல் ஜேசிஎம்800 போன்றவற்றில், இதே மாற்றம் டிஸ்டார்ஷனின் தன்மையையே மாற்றும். கரகரப்பு குறைந்து, கம்பிகள் தனித்தனியாகக் கேட்கும்.

இதற்குச் சரித்திரத்தில் ஏதாவது உதாரணம் இருக்கிறதா?

மிக நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. ஃபெண்டரின் 1950-களின் கடைசி ட்வீட் பேஸ்மேன், 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட், முதல் இடத்தில் 12ஏஒய்7-ஐ வைத்திருந்தது. 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அந்த சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார்கள். முதல் டியூபாக அவர்கள் போட்டது இசிசி83. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், கேபினெட் எல்லாமே வேறுதான், ஆகவே மார்ஷல் சத்தத்துக்கு அந்த ஒரு டியூப் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சீக்கிரமே உறுமத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று ட்வீட் பாணி ஆம்ப் வைத்திருப்பவர்கள் இந்த ஒரே இடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, பழைய ஃபெண்டர் பக்கமும் மார்ஷல் பக்கமும் போய் வருகிறார்கள்.

12ஏடி7-ஐ முதல் இடத்தில் போடச் சொல்கிறார்களே?

போடலாம், எதுவும் கெடாது. எனக்குப் பிடிப்பதில்லை. அது அதிக கரண்டை எதிர்பார்க்கும் டியூப். 12ஏஎக்ஸ்7-க்காகக் கணக்குப் போட்ட ரெசிஸ்டர்களோடு அது தனக்கு வசதியான புள்ளியில் நிற்பதில்லை. சத்தம் விறைப்பாக, ஒட்டாமல் இருக்கும். கெயினைக் குறைக்க வேண்டும் என்றால் 5751 அல்லது 12ஏஒய்7 வாங்குங்கள். 12ஏடி7-ன் இடம் ரிவெர்பும் ஃபேஸ் இன்வெர்ட்டரும்தான்.

ஒரே மாதிரி ஒன்பது கால் இருந்தால் போதுமா, எதை வேண்டுமானாலும் சொருகலாமா?

கூடாது. இஎல்84-க்கும் ஒன்பது கால்தான், அது பவர் டியூப். ரஷ்ய 6என்2பி என்பது 12ஏஎக்ஸ்7 போலவே பெருக்கும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. சொருகினால் எரியவே எரியாது. 12பிஎச்7 காலமைப்பில் பொருந்தும், ஹீட்டருக்கு இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். மேலே சொன்ன ஐந்து ரகங்களைத் தாண்டிப் போவதானால் டேட்டாஷீட்டைப் படித்துவிட்டுப் போங்கள்.

ரிவெர்ப் நாபை 2-ல் வைத்தாலே குகைக்குள் வாசிப்பது போல இருக்கிறது. டியூபால் குறைக்க முடியுமா?

முடியும். வி3-ல் உள்ள 12ஏடி7-ஐ எடுத்துவிட்டு 12ஏயூ7 போடுங்கள். ரிவெர்ப் மெதுவாக ஏறும், நாபின் முழு வீச்சும் பயன்படும். பழைய ஃபெண்டர் வைத்திருப்பவர்கள் வெகு காலமாகச் செய்வது, எனக்கும் பிடித்த மாற்றம். அங்கே 12ஏஎக்ஸ்7 போடாதீர்கள். ரிவெர்ப் டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டத் தேவையான கரண்ட் அதனிடம் இல்லை.

டிரெமலோ டியூபை மாற்றினால்?

டோனுக்கு ஒன்றும் ஆகாது. கெயின் குறைந்த டியூபைப் போட்டால் டிரெமலோ துடிப்பதே நின்றுபோகலாம். 12ஏஎக்ஸ்7 எது இருந்தாலும் போடுங்கள். கொஞ்சம் இரைச்சலுள்ள டியூப்களுக்கு இது நல்ல ஓய்வு இடம்.

ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு "பேலன்ஸ்டு" டியூப் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். தேவையா?

தேவையில்லை. ஃபெண்டர், மார்ஷல் இரண்டிலும் அந்தக் கட்டத்தின் இரு பக்கமும் 82,000 ஓம், 1 லட்சம் ஓம் என்று வெவ்வேறு ரெசிஸ்டர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். சர்க்யூட் தானாகவே சமன் செய்துகொள்ளும் வகையில் அமைந்தது அது.

டியூபைக் கழற்றும்போது ஷாக் அடிக்குமா?

ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். உயிரை எடுக்கப் போதுமானது. ஆனால் டியூப்கள் சேஸிஸுக்கு (சர்க்யூட் உள்ள உலோகப் பெட்டிக்கு) வெளியே இருப்பதால், ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆற விட்டு டியூபை மட்டும் மாற்றுவதில் அந்த ஆபத்து இல்லை. சேஸிஸை வெளியே எடுக்க வேண்டிய எந்த வேலையையும், பயாஸ் (கீழே விளக்கியிருக்கிறேன்) அளப்பது உட்பட, தெரிந்தவரிடம் விடுங்கள், அல்லது கெப்பாசிட்டரை வடியவைத்து மல்டிமீட்டரால் சரிபார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு தொடுங்கள்.

சின்ன டியூப்களின் மேல் உள்ள உலோகக் குப்பியை அழுத்தித் திருகினால் வந்துவிடும். டியூபை நேராக மேலே இழுக்க வேண்டும். லேசாக வட்டமாக அசைக்கலாம், முறுக்கக் கூடாது. திரும்பப் போடும்போது கால்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியைச் சாக்கெட்டோடு பொருத்திப் பாருங்கள். எட்டுக் கால் பவர் டியூபின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குச்சியும் அதில் ஒரு வரம்பும் இருக்கும், அது தவறாகச் சொருகாமல் காப்பதற்கு. அந்தக் குச்சி உடைந்த டியூபை, எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், நான் போட மாட்டேன்.

இன்னொன்று: ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கண்ணாடியை விரலால் தொட்டால் டியூப் கெடும் என்கிறார்களே?

அது ஹாலஜன் பல்புக்கான விதி. டியூபை ஆறிய பிறகு தாராளமாகத் தொடலாம்.

பவர் டியூப்களில் 6வி6, 6எல்6, இஎல்34, இஎல்84... எதில் என்ன டோன்?

பொதுவாகச் சொல்வது இப்படி. 6வி6-ன் சத்தம் சீக்கிரம் உடையும், அதாவது டிஸ்டார்ஷனுக்குப் போகும், மிருதுவானது. டீலக்ஸ் ரிவெர்ப் அதற்கு உதாரணம். 6எல்6 அகலமானது, அடி அழுத்தம் உள்ளது, நெடுநேரம் க்ளீனாக நிற்கும். ட்வின் ரிவெர்பின் சத்தம். இஎல்34-ல் நடு அலைவரிசை முன்னால் வரும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து மார்ஷல் என்றாலே இதுதான். இஎல்84 மேலே மினுங்கும், கொஞ்சம் அழுத்தினால் கிறீச்சிடும். வாக்ஸ் ஏசி30-ல் நான்கு. கேடி88-ம் 6550-ம் பெரிய ஆம்ப்களுக்கு, உடையவே தயங்கும்.

இந்த வர்ணனைகளில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி பெருமை டியூபைச் சுற்றியுள்ள சர்க்யூட்டுக்குப் போக வேண்டும். ஏசி30-ல் நெகட்டிவ் ஃபீட்பேக்கே (அவுட்புட்டின் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து டிஸ்டார்ஷனைக் குறைப்பது) கிடையாது. ட்வினில் உண்டு, கூடவே கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. ஒரே ஆம்பில் 6எல்6-ஐயும் இஎல்34-ஐயும் முறையாக மாற்றிப் போட்டுக் கேட்டால் இரண்டும் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாகவே ஒலிக்கும்.

சரி, என் ஆம்பில் 6எல்6-க்குப் பதில் இஎல்34 போடலாமா? இரண்டும் எட்டுக் கால்தானே?

ஆம்பின் கையேட்டில் போடலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய, நேராகச் சொருகாதீர்கள். மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது ஹீட்டர் கரண்ட். 6வி6-க்கு 0.45 ஆம்பியர், 6எல்6-க்கு 0.9, இஎல்34-க்கு 1.5, கேடி88-க்கு 1.6. ஒரு ஜோடி 6எல்6-ஐ எடுத்துவிட்டு ஒரு ஜோடி இஎல்34 போட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாக 1.2 ஆம்பியர் கொடுக்க வேண்டும். அதற்காகச் சுற்றப்படாத டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் போகும்.

இரண்டாவது, முதல் கால். 6எல்6-ல் அந்தக் கால் எதனோடும் சேராதது, ஆகவே ஃபெண்டர் அந்தச் சாக்கெட் முனையைக் கிரிட் ரெசிஸ்டரைக் கட்டும் இடமாகப் பயன்படுத்தியது. இஎல்34-ல் அதே கால் உள்ளே சப்ரெசர் கிரிட்டுக்குப் போகிறது. அதை எட்டாவது காலான கேத்தோடோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வயரிங்கை மாற்றாமல் சொருகினால் அந்தக் கிரிட்டுக்குப் பயாஸ் வோல்டேஜ் போய் நிற்கும்.

மூன்றாவது பயாஸ். இஎல்34-ன் தேவை வேறு, ஆம்பின் பயாஸ் திருகு அந்த எல்லைக்கு எட்டுமா என்று பார்க்க வேண்டும்.

இதே காரணங்களுக்காக டீலக்ஸ் ரிவெர்பில் 6எல்6 போடுவதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிலர் போட்டு ஓட்டுகிறார்கள்தான். டிரான்ஸ்ஃபார்மர் அவர்களுடையது.

பயாஸ் என்றால் என்ன? டியூப் மாற்றினால் கட்டாயம் பார்க்க வேண்டுமா?

நீங்கள் எதுவும் வாசிக்காமல் ஆம்ப் சும்மா ஆனில் இருக்கும்போது பவர் டியூப் வழியாக எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பது பயாஸ். கூடினால் டியூபின் பிளேட் சிவந்து உருகும். குறைந்தால் சத்தம் மெலிந்து, மெதுவாக வாசிக்கும்போது நொறுநொறுவென்று கேட்கும். ப்ரீஆம்ப் டியூப்களுக்கு, அதாவது சின்ன டியூப்களுக்கு, இந்தக் கவலையே வேண்டாம். பவர் டியூப்களில் ஃபிக்ஸ்டு பயாஸ் ஆம்ப் என்றால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பெயர்தான் ஃபிக்ஸ்டு, திருப்ப வேண்டியது இதைத்தான்.

கணக்கு எளிது. டீலக்ஸ் ரிவெர்பில் பிளேட் வோல்டேஜ் 420 என்று வையுங்கள். 6வி6ஜிடி தாங்கும் வெப்பம் 14 வாட். அதில் 70 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைப்பது வழக்கம், அதாவது 9.8 வாட். அதை 420-ஆல் வகுத்தால் 0.0233, ஒரு டியூபுக்கு 23 மில்லி ஆம்பியர். சாக்கெட்டுக்கும் டியூபுக்கும் நடுவே சொருகும் பயாஸ் புரோப் வைத்து இதை அளக்கலாம். அல்லது கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் கட்டி வைத்தால், அதன் மேல் தெரியும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர்.

70 சதவீதம் என்பது மேல் எல்லை, குறிக்கோள் அல்ல. 55-லிருந்து 65 சதவீதத்துக்குள் எங்கே காதுக்கு நன்றாக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். டியூபும் நீண்ட நாள் உழைக்கும். டோன் வித்தியாசத்தைத் தேடி விலை உயர்ந்த பவர் டியூப் வாங்குகிறவர்கள் கேட்கும் மாற்றத்தில் பெரும்பகுதி இந்தப் பயாஸ் மாற்றம்தான் என்பது என் அபிப்பிராயம். பழைய டியூப் குளிர்ந்த பயாஸில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், புது டியூப் வேறு புள்ளியில் உட்காரும், பாராட்டு மட்டும் டியூபின் பெயருக்குப் போய்ச் சேரும்.

கேத்தோடு பயாஸ் ஆம்ப் என்றால்?

ஏசி30, ட்வீட் டீலக்ஸ் போன்றவை இந்த வகை. கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே கரண்டைத் தானாகக் கட்டுப்படுத்தும். அதே ரக டியூபைச் சொருகி வாசிக்கலாம். ஏசி30 தன் இஎல்84-களை மிகச் சூடாகவே ஓட்டும், அதில் டியூப் சீக்கிரம் தேய்வதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

நம் வீட்டு வோல்டேஜ் இதில் குறுக்கிடுமா?

நன்றாகவே. 230 வோல்ட்டுக்குச் செய்த ஆம்புக்கு 245 வோல்ட் வந்தால் உள்ளே எல்லாமே ஆறரை சதவீதம் ஏறும். 420 வோல்ட் பிளேட் 447 ஆகும், 6.3 வோல்ட் ஹீட்டர் 6.7 ஆகும். ஹீட்டருக்கு 10 சதவீதம் வரை பொறுக்கலாம். பயாஸை எந்த நேரத்தில், என்ன வோல்டேஜில் அளந்தோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி லோடு குறைந்து வோல்டேஜ் ஏறுகிற தெருவில் இருப்பவர்கள் பயாஸை இன்னும் கொஞ்சம் குளிர்வாக வைக்கலாம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பாக இருந்தால் தரமான ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைச் சொருகவே கூடாது.

ரெக்டிஃபையர் டியூபை மாற்றினால் "சாக்" கிடைக்குமாமே?

ரெக்டிஃபையர் வழியாக சிக்னல் போவதில்லை. ஏசி கரண்டை டிசியாக்குவதுதான் அதன் வேலை. ஆனால் ஓங்கி ஒரு கார்டு அடிக்கும்போது பவர் டியூப்கள் கரண்டை இழுக்கும், ரெக்டிஃபையர் முக்கும், வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்து திரும்ப ஏறும். விரலுக்கு அது மென்மையாகப் பணிந்து எழுவதாகத் தெரியும். இதைத்தான் சாக் என்கிறார்கள். ஜிஸெட்34 குறைவாகவும், 5யூ4ஜிபி அதைவிட அதிகமாகவும், 5ஒய்3 நன்றாகவும் தாழும்.

டீலக்ஸ் ரிவெர்பில் ஜிஸெட்34-க்குப் பதில் 5ஒய்3 போட்டால் பிளேட் வோல்டேஜ் கணிசமாக இறங்கும், ஆம்ப் சீக்கிரம் உடையும், வீட்டில் வாசிக்க வசதி. பயாஸைத் திரும்பப் பார்க்க வேண்டும். 5ஒய்3-ஆல் 125 மில்லி ஆம்பியர்தான் தர முடியும், ஜிஸெட்34-ஆல் 250. ஆகவே பெரிய ஆம்பில் இந்த விளையாட்டு வேண்டாம். 5யூ4ஜிபி-யின் ஹீட்டர் 3 ஆம்பியர் இழுக்கும், ஜிஸெட்34-க்கு 1.9 போதும், டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தருமா என்று தெரியாமல் போடாதீர்கள். ட்வின் ரிவெர்ப் போன்ற ஆம்ப்களில் ரெக்டிஃபையரே டையோடுதான், மாற்ற எதுவும் இல்லை.

100 வாட் ஆம்பில் இரண்டு பவர் டியூபைக் கழற்றினால் பாதிச் சத்தம் ஆகுமா?

பாதி வாட் ஆகும், பாதிச் சத்தம் ஆகாது. 3 டெசிபெல்தான் குறையும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. செய்வதானால் நான்கில் வெளி இரண்டையோ உள் இரண்டையோ கழற்ற வேண்டும், ஒரே பக்கத்து இரண்டை அல்ல. 16 ஓம் கேபினெட் என்றால் ஆம்பின் ஓம் ஸ்விட்சை 8-ல் வையுங்கள்.

ஜோடி சேர்த்த பவர் டியூப்தான் வாங்க வேண்டுமா?

ஆம். இரண்டும் ஏறக்குறைய ஒரே கரண்டை இழுத்தால்தான் புஷ்-புல் (இரண்டு பக்க டியூப்களும் மாறி மாறி வேலை செய்யும்) ஆம்பில் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், டிரான்ஸ்ஃபார்மரும் நிம்மதியாக இருக்கும். இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தக் கம்பெனி நல்லது?

இன்று கிட்டார் ஆம்புக்கான டியூப் செய்யும் ஆலைகளை விரல் விட்டு எண்ணலாம். ஸ்லோவாகியாவில் சாட்சா நகரில் ஜேஜே, ரஷ்யாவில் சராடோவ் ஆலை, அப்புறம் சீன ஆலைகள். சராடோவில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துதான் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்-சால், புதிய முல்லார்டு என்று பல பெயர்கள் வருகின்றன. புதிய முல்லார்டுக்கும் இங்கிலாந்தில் பிளாக்பர்னில் ஓடிய பழைய முல்லார்டு ஆலைக்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. வடிவமைப்பில் வேறுபாடுகள் உண்டு, எல்லாம் ஒரே டியூபுக்கு வேறு லேபிள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே பிராண்டில் இரண்டு டியூப் வாங்கினாலும் ஒன்று அமைதியாகவும் மற்றொன்று இரைச்சலாகவும் வருவது சகஜம். பிராண்டைவிட, சோதித்துக் கொடுத்து, கெட்டுப்போனால் மாற்றித் தருகிற கடை முக்கியம்.

பழைய காலத்து டியூப்களுக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?

டெலிஃபுங்கன், முல்லார்டு, ஆர்சிஏ போன்றவற்றின் பழைய ப்ரீஆம்ப் டியூப்கள் நன்றாகச் செய்யப்பட்டவை, இரைச்சல் குறைவு, பல பத்தாண்டுகள் உழைத்தவை உண்டு. ஒன்றே ஒன்று வாங்குவதானால் முதல் இடத்துக்கு வாங்குங்கள். பழைய பவர் டியூப்களுக்குக் காசு கொட்டுவது வீண். அவை தேய்ந்து தீரும் பொருள். அதோடு, பெயரைத் துடைத்துவிட்டு வேறு பெயர் அச்சடித்த போலிகள் நிறையவே நடமாடுகின்றன. அச்சைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் பிளேட்டின் வடிவத்தைப் பார்த்து அடையாளம் காணத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

நம் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகள் தயாரிக்கத் தொடங்கியது, பிலிப்ஸின் தொழில்நுட்பம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய வால்வு ரேடியோக்களில் பிஇஎல் முத்திரையோடு இஎல்84 கிடைப்பதுண்டு. சோதித்துப் பார்த்து நன்றாக இருந்தால் கிட்டார் ஆம்பில் அருமையாகவே ஓடும். ரேடியோவையும் யாராவது ஓட்ட ஆசைப்படக்கூடும், அதையும் யோசித்துவிட்டுப் பிடுங்குங்கள்.

டியூபை மாற்றிய பிறகு உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லூப்பர் பெடலில் ஒரு நிமிடம் வாசித்துப் பதிந்துகொள்ளுங்கள். அதையே ஆம்ப் வழியாக ஓட்டி, ஸ்பீக்கர் முன்னால் மைக்கை நகர்த்தாமல் வைத்து ரெக்கார்டு செய்யுங்கள். டியூபை மாற்றி, ஆம்ப் நன்றாகச் சூடாகும்வரை விட்டு, அதே லூப்பைத் திரும்ப ஓட்டுங்கள். பிறகு இரண்டு ரெக்கார்டிங்கையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கடைசிப் படிதான் உயிர். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது "நல்ல டோன்" என்றே எடுத்துக்கொள்ளும். நண்பர் ஒருவரைப் பெயர் சொல்லாமல் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். டியூபை மாற்ற எடுக்கும் நேரத்துக்குள் முந்தைய சத்தம் மனதிலிருந்து போய்விடும், அதனால்தான் ரெக்கார்டிங்.

டியூப் போய்விட்டது என்பதற்கு அறிகுறி என்ன?

ப்ரீஆம்ப் டியூப் என்றால் கரகரப்பு, சீறல், அல்லது ஊளை. ஆம்பை ஆன் செய்து, மரப் பென்சிலின் முனையால் ஒவ்வொரு டியூபையும் லேசாகத் தட்டுங்கள். முதல் இடத்து டியூப் கொஞ்சம் டொக் என்று கேட்பது இயல்பு. மணி அடிப்பது போல் முழங்கினால் அது மைக்ரோஃபோனிக். அதை வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். சத்தம் டியூபோடு போனால் குற்றம் டியூபினுடையது. அதே இடத்தில் நின்றால் பிளேட் ரெசிஸ்டரையோ சாக்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

பவர் டியூப் தேய்ந்தால் அடி அழுத்தம் குறையும், சத்தம் மங்கும், ஹம் ஏறும். ஃபியூஸ் போனால் பெரும்பாலும் பவர் டியூபோ ரெக்டிஃபையரோ ஷார்ட் ஆகியிருக்கும். ப்ரீஆம்ப் டியூப் நன்றாக இருந்தால் பத்து வருடம்கூட ஓடும், தேதி பார்த்து மாற்றத் தேவையில்லை.

உள்ளே நீல நிறமாக ஒளிர்கிறது. ஆபத்தா?

கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல் நீலம் தெரிந்தால் ஆபத்தில்லை, பல நல்ல பவர் டியூப்களில் தெரியும். நடுவில் பிளேட்டுக்குள்ளே ஊதாப் புகை போல நின்றால் உள்ளே வாயு புகுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். தலையில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது. சாம்பல் நிறப் பிளேட் சிவப்பாகப் பழுத்தால் யோசிக்காமல் உடனே ஆம்பை அணைக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் வரை போகும்.

கச்சேரிக்குப் போகும்போது பையில் எதை வைத்திருக்க வேண்டும்?

ஏற்கெனவே உங்கள் ஆம்பில் போட்டுப் பயாஸ் பார்த்த பவர் டியூப் ஒரு ஜோடி, 12ஏஎக்ஸ்7 ஒன்று, 12ஏடி7 ஒன்று, ஆம்பின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் அதே அளவு ஃபியூஸ் மூன்று நான்கு. ரெக்டிஃபையர் டியூப் உள்ள ஆம்ப் என்றால் அதிலும் ஒன்று. மேடையில் ஃபியூஸ் போனால் புது ஃபியூஸைப் போடுமுன் பவர் டியூப்களை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஃபியூஸும் போகும். அவசரத்துக்குப் பெரிய ஃபியூஸையோ வெள்ளித் தாளையோ வைக்காதீர்கள்.